மூன்றாம் மாதம் கொட்டும் முடி

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்த மூன்று, நான்கு மாதத்தில் வரும் போன்களில் வயிற்றைப் பற்றிய கேள்வி குறைவு. "டாக்டர், சீப்பு வைத்தாலே கொத்துக் கொத்தாக வருகிறது" என்பதுதான் அதிகம். சிலர் உதிர்ந்த முடியைக் கவரில் போட்டே கொண்டுவருவார்கள்.

அந்த முடியின் அடியில் குண்டூசித் தலை போல ஒரு வெள்ளை முடிச்சு இருக்கும். வேரோடு வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வேர்க்கால் தலையிலேயே பத்திரமாக இருக்கிறது.

பொதுவாகத் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு ஓய்வில் இருக்கும். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அறுவையின் தாக்கம், மளமளவென இறங்கும் எடை, சட்டென்று குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்து, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பலவற்றை ஒரே சமயத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகின்றன. சுமார் மூன்று மாத ஓய்வுக்குப் பிறகே அவை உதிரும். ஆகவே போன வாரம் மாற்றிய ஷாம்புவைத் திட்டிப் பயனில்லை. பிரசவத்துக்குப் பிறகும் டெங்குவுக்குப் பிறகும் கொட்டுவது இதே கணக்கில்தான். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாக நின்று, திரும்ப முளைத்துவிடும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். வேர்க்காலுக்கு அது தெரியாது.

நான் முதலில் கேட்பது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். காலையில் ஒரு இட்லி, மதியம் நாலு வாய் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்பார்கள். குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டிய இடத்தில் இதில் கால்வாசிகூடத் தேறாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம் இருக்கிறது. இரைப்பை சிறியது; சாதத்தை முதலில் போட்டால் மற்றதற்கு இடமிருக்காது. முட்டை, மீன், பனீர், பருப்பு முதலில், சாதம் அப்புறம். ஆரம்ப மாதங்களில் புரோட்டீன் பவுடர் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் தருகிறது என்று பலர் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் எங்களிடம் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். அதை டீ, காபியோடு விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். துத்தநாக மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால் தாமிரச்சத்து இறங்கும்.

உதிர்வு ஆறு மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு வருடம் தாண்டியும் தொடர்ந்தாலோ, சொட்டைச் சொட்டையாக விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஃபெர்ரிட்டின் (உடலில் இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் அளவு), பி12, துத்தநாகம், தைராய்டு எல்லாம் ரத்தத்தில் பார்க்க வேண்டும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். தைராய்டு ரிப்போர்ட்டையே அது தப்பாகக் காட்டிவிடும்.