முகம் சிதையவில்லை, திரிந்திருக்கிறது

கைபேசி கேமராவின் தமிழ் அமைப்புகளில் 'சிதைவுத் திருத்தம்' என்று ஒரு வரி. படத்தில் உருவம் மாறித் தெரிவதைக் குறிக்கும் 'டிஸ்டார்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் சிதைவு ஆக்கியிருக்கிறார்கள். செல்ஃபியில் மூக்கு பெருத்தால் 'முகச் சிதைவு' என்கின்றன காணொளிகளும். 'முகம் சிதைந்த நிலையில் ஆண் சடலம்' என்று செய்தி படித்து வளர்ந்த நமக்கு அது எப்படிக் கேட்கும்? குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, "எனக்க மூக்கு என்ன பெருசாட்டு இருக்கு?" என்று கேட்கிற பிள்ளைக்கு ஒன்றும் சிதையவில்லை.

டிஸ்டார்ஷன் என்பதன் வேர் லத்தீன். 'டார்க்வேரே' என்றால் முறுக்குதல். முறுக்குவிசையைக் குறிக்கிற 'டார்க்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர்தான். தமிழில் முறுக்குவதற்குத் திரித்தல் என்று பெயர். தென்னை நாரில் கயிறு திரிக்கிற குமரி மாவட்டத்தில் இதற்கு அகராதி வேண்டாம். உண்மையைத் திரித்துச் சொல்வதும் இதே சொல்தான், ஆங்கிலத்திலும் அப்படியே. இவ்வளவு பொருத்தமாகத் 'திரிபு' என்ற சொல் வாய்த்தும் சிதைவை ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள்?

மாறுவதையும் அழிவதையும் இலக்கணம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆனால் திரிதல். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆனால் மகரம் கெடுதல். ஒன்றில் எழுத்து மாறுகிறது, மற்றதில் இல்லாமலே போகிறது. அகன்ற கோண லென்ஸில் நேர்க்கோடு வளையும், ஓரத்தில் நிற்பவர் அகலமாவார். ஆனால் எதுவும் காணாமல் போவதில்லை. அதனால்தான் மென்பொருளால் கணக்குப் போட்டு அதைப் பெரும்பாலும் நிமிர்த்த முடிகிறது. சிதைந்ததை அப்படி நிமிர்த்த முடியுமா?

கொரோனா காலத்தில் வைரஸின் வகைகளைத் திரிபு என்றார்களே, குழம்பாதா என்று சிலர் கேட்கிறார்கள். குழம்பாது. வேண்டுமானால் 'உருத்திரிபு' என்று எழுதிக்கொள்ளலாம். 'உருக்குலைவு' வேண்டாம், அதுவும் சிதைவின் தம்பிதான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்புக்குப் எந்தச் சொல் படத்துக்கு, எந்தச் சொல் பிணத்துக்கு என்ற கவலை கிடையாது. செல்ஃபிக்குத் தாமியா சுயமியா என்று மாதக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

இன்னொரு குளறுபடியும் உண்டு. செல்ஃபியில் நடப்பது இரண்டு. தொட்டிப்பாலத்தின் நேரான கைப்பிடிச் சுவர் வில்லாக வளைந்தால் அது லென்ஸின் வேலை, கோடு பீப்பாயின் பக்கம்போலப் புடைக்கிற பீப்பாய்த் திரிபு. மூக்கு பெருப்பது அதுவல்ல. முகம் கேமராவுக்கு மிக அருகில் இருப்பதால் காதைவிட மூக்கு அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். 5 அடி தள்ளி எடுத்ததைவிட 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதை அண்மைத் திரிபு என்பேன். அந்த அமைப்பு வரி வளைவையும் ஓரத்தையும்தான் சரிசெய்கிறது. ஆகவே அதன் பெயர் 'லென்ஸ் திரிபு திருத்தம்' என்று இருக்கட்டும். மூக்குக்கு அந்தப் பொத்தானால் பயனில்லை, கையை இன்னும் நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாலத்தில் வருகிற யாரிடமாவது போனைக் கொடுக்க வேண்டும்.