காக்பிட்டில் செல்போன்: அமெரிக்க விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் செஸ்னா மாதிரி சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது: செல்போனை வைத்துக்கொண்டு பறக்கலாமா? பறக்கலாம். வானத்தில் சிக்னல் தேடவிடக் கூடாது, அவ்வளவுதான்.

குழப்பத்துக்குக் காரணம், இதில் இரண்டு அரசு அமைப்புகள் தலையிடுகின்றன. ஒன்று, விமானப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் எஃப்.ஏ.ஏ. அதன் 91.21 விதி விமான நிறுவனங்களுக்கும், கருவிகளை நம்பிப் பறக்கும் ஐ.எஃப்.ஆர். பயணத்துக்கும் உரியது. கையடக்க மின்னணுச் சாதனம் எதையும் இயக்கக் கூடாது என்று கறாராகத் தொடங்கி, காது கேட்கும் கருவி, பேஸ்மேக்கர், எலெக்ட்ரிக் ஷேவர் (ஆமாம், ஷேவர்தான்) என்று விலக்கு தந்துகொண்டே போகும். கடைசியில், விமானக் கருவிகளுக்கு இடைஞ்சல் தராது என்று தீர்மானித்த எதையும் பயன்படுத்தலாம் என்கிறது. சொந்த விமானத்தில் அதைத் தீர்மானிப்பவர் விமானியே. வெளியே பார்த்து ஓட்டும் வி.எஃப்.ஆர். தனியார் பயணத்தை இந்த விதி தொடுவதே இல்லை.

இன்னொன்று, தொலைத்தொடர்பு அமைப்பான எஃப்.சி.சி. விமானம் தரையை விட்டதும் செல்லுலர் போன்கள் அணைந்திருக்க வேண்டும் என்கிறது அதன் 22.925 விதி. அதன் கவலை கீழே இருக்கும் டவர்களைப் பற்றியது. உயரே போன ஒரு போன் ஒரே நேரத்தில் பல டவர்களை எட்டி, அவற்றுக்கு இடைஞ்சல் தரும். நடைமுறையில் ஏரோபிளேன் மோடு போட்டுக்கொள்கிறார்கள். ஜி.பி.எஸ். வெறுமனே சிக்னலைப் பெறுவதுதான் என்பதால் அப்போதும் வேலை செய்யும்.

புறப்படும் முன் திட்டமிடுவதற்கு 91.103 விதி. வானிலை, எரிபொருள், மாற்று ஏற்பாடு, ஓடுபாதை நீளம் எல்லாம் விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபோர்ஃப்ளைட், கார்மின் பைலட் போன்ற செயலிகளில் பார்த்தாலும் சரிதான்.

சிறு விமானத்தில் காகித வரைபடத்துக்குப் பதில் செயலியும் போதும். தரவு அன்றைய தேதிக்குச் செல்லுபடியாக வேண்டும்; விமானத்தில் இருந்தே ஆக வேண்டிய கருவிக்கு அது மாற்றாகாது. போனில் திசைகாட்டி இருக்கிறதே என்று விமானத்தின் திசைகாட்டியைக் கழற்ற முடியாது. கையில் இன்னொரு பிரதி இருக்கட்டும் என்பது எஃப்.ஏ.ஏ.வின் ஆலோசனை. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். கோடை வெயிலில் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்தால், இறங்கப்போகும் நேரத்தில் வரைபடம் மறைந்து வெப்ப எச்சரிக்கை மட்டும் திரையில் நிற்கும். காற்று வரும் துவாரத்தின் பக்கத்தில் பொருத்துங்கள்.

விமான நிறுவனங்களில் கட்டுப்பாடு கடுமை. 2009இல் நார்த்வெஸ்ட் விமானிகள் இருவர் லேப்டாப்பில் மூழ்கி, இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2014 முதல், பணியிலிருக்கும் விமானி சொந்த வேலைக்குப் போனைத் தொடவே கூடாது.

மழை ரேடார் படத்தை அரசே ஏ.டி.எஸ்.-பி. என்ற விமான ரேடியோ தரவு வசதி வழியாக இலவசமாக ஒலிபரப்புகிறது. அதைப் போனில் பார்க்கத் தனியாக ஒரு சிறு ரிசீவர் வேண்டும். ஆனால் திரையில் ‘2 நிமிடம் முன்’ என்று இருந்தாலும், படம் அதைவிட 15, 20 நிமிடம்வரை பழையதாக இருக்கலாம் என்று விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2012இல் எச்சரித்தது. படத்தில் இடைவெளி தெரிகிறதே என்று நுழைந்தால், இடிமேகம் அதற்குள் அங்கே வந்து நிற்கும்.