ஒரே வரி, இரண்டு இடங்கள்: வழுநீக்கி எதைக் காட்ட வேண்டும்?

"அண்ணா, நான் வைச்ச இடத்திலதான் நிக்குது, ஆனா இந்தப் பெறுமதி இங்க வரவே ஏலாது" என்று, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் ஒரு பிற்பகலில் என்னை அழைத்தார். திரையில் 'நிறுத்தப்புள்ளி 2, கணக்கு.சி, வரி 118' என்றிருந்தது. ஒரு வரியை எட்டியதும் செய்நிரல் நிற்கும்படி நாம் வைக்கும் குறியே நிறுத்தப்புள்ளி. அவர் சேமிப்புக் கோப்புறையிலுள்ள கணக்கு.சி என்னும் கோப்பைத் திறந்துவைத்து, இரண்டு மணி நேரமாக அதன் 118ஆம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்நிரலோ கடன் கோப்புறையில் அதே பெயரில் இருந்த இன்னொரு கோப்பின் 118ஆம் வரியில் நின்றுகொண்டிருந்தது.

செய்நிரலின் வழுக்களைத் தேட உதவும் கருவியான, டீபகர் என்று நாம் அன்றாடம் சொல்லும் வழுநீக்கிக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. தொகுப்பான் மூல நிரலை இயந்திர நிரலாக மாற்றும்போது, நினைவகத்தின் எந்த முகவரியிலுள்ள கட்டளை எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து, பல வேளைகளில் அந்த வரியின் எத்தனையாவது எழுத்திலிருந்து, பிறந்தது என்பதை ஓர் அட்டவணையாக எழுதிவைக்கிறது. லினக்ஸ் உலகில் இதற்கு வழங்கும் வடிவம் டுவார்ஃப். அதன் 5ஆம் பதிப்பு 2017இல் வெளியானது. அட்டவணையில் முகவரி ஒவ்வொன்றும் தனித்தனியாகவே உள்ளது. மனிதர் தட்டச்சும் பெயர்தான் பல முகவரிகளைச் சுட்டுகிறது.

ஒரே பெயருள்ள கோப்புகள் அதற்கு ஒரு காரணம் மட்டுமே. சி++ மொழியில் ஒரு வார்ப்புருச் சார்பை, அதாவது பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுதிய நிரல் துண்டை, முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் பயன்படுத்தினால், தொகுப்பான் அதற்கு இரண்டு பிரதிகளை உருவாக்கும். சிறிய சார்புகளை அழைக்கும் இடத்திலேயே விரித்துப் பதித்துவிடும் 'இன்லைன்' முறை இன்னும் சிக்கலானது; பத்து இடங்களிலிருந்து அழைக்கப்படும் சார்பின் ஒரு வரி, பத்து முகவரிகளாகப் பிரிந்து கிடக்கலாம். அதற்கு எதிர்த்திசையிலும் குழப்பம் வரும்: பதிக்கப்பட்ட சார்பின் முதற் கட்டளையே அழைத்த சார்பின் முதற் கட்டளையாகவும் அமைந்துவிட்டால், ஒரே முகவரி இரண்டு சார்புகளுக்கும் சொந்தமாகிறது. அப்போது எந்தச் சார்பின் பெயரைக் காட்டுவது? பயனர் எந்தச் சார்பில் நிறுத்தப்புள்ளி வைத்தாரோ அதைக் காட்டுவதே முறை என்பேன்.

1986இல் பிறந்த ஜிடிபி என்னும் வழுநீக்கி இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறது. 2012இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து, ஒரு பெயர் பல இடங்களுக்குப் பொருந்தினால் எல்லா இடங்களிலும் நிறுத்தப்புள்ளி வைப்பது அதன் வழக்கமாயிற்று. பட்டியலில் அவை 2.1, 2.2 என்று உட்பிரிவுகளாக வரும். இது நல்ல முடிவு. வழுவைத் தேடுபவருக்கு, தேவையற்ற இடத்தில் ஒருமுறை கூடுதலாக நிற்பதைவிட நிற்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவதே பெரிய இழப்பு. ஆனால் வைக்கும்போது இரண்டு இடங்கள் என்று சொன்ன கருவி, நிற்கும்போது வெறும் '2' என்றே சொல்லிவந்தது. 2023இல் வெளிவந்த பதிப்பிலிருந்துதான் நிற்கும் செய்தியிலும் '2.1' என்ற உட்பிரிவு எண் இடம்பெற்றது. தம்பி பாவித்ததோ அதற்கு முந்திய பதிப்பு.

எண் மட்டும் போதாது என்பது என் கருத்து. 2.1 என்பது எது என்று அறியப் பட்டியலைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கிறது. முழுப் பாதையையும் அச்சிடுவதும் உதவாது. நீளமான பாதையில் வேறுபடும் ஒரு சொல்லைக் கண் எளிதில் தவறவிடும். காலி வீதியில் ஒரு கடைக்கு வழி கேட்பவருக்கு நாம் நாட்டையும் மாகாணத்தையும் சொல்வதில்லை, பம்பலப்பிட்டியா தெஹிவளையா என்பதை மட்டும் சொல்கிறோம். அதுபோல, கோப்புகளாயின் பாதையில் வேறுபடும் பகுதியையும், வார்ப்புருவாயின் எந்தத் தரவு வகைக்கான பிரதி என்பதையும், பதிக்கப்பட்ட சார்பாயின் யார் எந்த வரியிலிருந்து அழைத்தார் என்பதையும் வழுநீக்கி காட்டினால் போதும். இவை யாவும் டுவார்ஃப் தகவலிலேயே உள்ளன.

தம்பியின் திரையில் கோப்புறையின் பெயர் வராததற்கும் காரணம் இருந்தது. எங்கள் செய்நிரலைத் தொகுக்கும் ஒழுங்கில், ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நுழைந்த பிறகே தொகுப்பான் இயக்கப்படுகிறது; ஆகவே கோப்பின் பெயர் தனியாகவும், தொகுக்கப்பட்ட கோப்புறை வேறோரிடத்திலும் பதிவாகின்றன. ஜிடிபி இயல்பாகப் பதிவான பெயரையே காட்டும். முழுப் பாதையைக் காட்டும்படி அமைப்பை மாற்றி மீண்டும் ஓடவிட்டோம். அதே நிறுத்தம் வந்தது. நீண்ட பாதையின் கடைசிப் பகுதியில் 'கடன்' என்ற சொல் தெரிந்தது. தம்பி 2.1ஐ முடக்கிவிட்டுத் தொடர்ந்தார். அடுத்த நிறுத்தம் சேமிப்புக் கோப்பில் வந்தது.