ஊழல்: சொல் விளக்கம்

ஊழல் (பெயர்ச்சொல்): மக்கள் நம்பி ஒப்படைத்த அதிகாரத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவது. ஆங்கிலத்தின் 'கரப்ஷன்' என்பதற்குச் சரியான தமிழ் இதுதான்.

பேச்சில் நாம் ஊழலையும் லஞ்சத்தையும் ஒன்றாகவே புழங்குகிறோம். தமிழ்நாட்டில், ஆங்கிலப் பெயரில் 'கரப்ஷன்' என்று இருக்கும் துறையை எல்லோரும் லஞ்ச ஒழிப்புத் துறை என்றுதான் சொல்கிறோம். இலங்கையிலோ இவற்றை விசாரிக்கும் ஆணைக்குழுவின் பெயரிலேயே 'இலஞ்சம் அல்லது ஊழல்' என்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. எனக்கு இலங்கை வழக்குதான் சரியாகப் படுகிறது. ஏழை நாடுகள் ஏன் முன்னேறாமல் தவிக்கின்றன என்று பேசும்போது இரண்டையும் கலந்துவிட்டால், பெரிய தீங்கு கண்ணில் படாமலே போய்விடும்.

சொல்லின் வேர் 'ஊழ்' என்ற வினை. ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல். முதிர்வு எல்லை மீறினால் பதனழிதல், அதாவது கெட்டுப்போதல். 650ஆவது குறளில் வரும் 'இணரூழ்த்தும் நாறா மலர்', கொத்தாகப் பூத்தும் மணக்காத மலர். அங்கே பொருள் மலர்தல். அந்த வினையின் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் கெட்டது, அழுகியது, அருவருப்பானது என்ற பொருளில் ஊழல் என்ற சொல் உருவானது. ஆட்சியைக் குறிக்கும் பொருள் பிற்பாடு சேர்ந்தது. 'கரப்ஷன்' வந்த வழியும் ஏறக்குறைய இதேதான்: உடைத்தல், கெடுத்தல் என்ற லத்தீன் வினை, அப்புறம் உடல் அழுகுதல், அப்புறம் ஆட்சி கெடுதல்.

லஞ்சம் வடமொழி 'லஞ்சா'விலிருந்து வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் உண்டு. தமிழில் கையூட்டு. மாமூல் என்பது அரபுச் சொல். வழக்கமாக நடப்பது என்று பொருள். 'மாமூல் வாழ்க்கை பாதிப்பு' என்று செய்தித்தாள்கள் எழுதும்போது அந்தப் பழைய பொருள்தான் பேசுகிறது. கென்யாவில் லஞ்சத்தை 'கிட்டு கிடோகோ' என்பார்கள். சுவாஹிலியில் 'சின்னதாக ஏதாவது'. பொதுப் பணத்தைத் தானே எடுத்துக்கொண்டால் அது கையாடல். இவை எல்லாமே ஊழலின் வகைகள். ஆனால் ஊழல் இவற்றோடு முடிந்துவிடுவதில்லை.

லஞ்சம் வளர்ச்சிக்கு உதவும் என்றுகூட ஒரு காலத்தில் வாதிட்டார்கள். 1964இல் நதானியேல் லெஃப் என்ற பொருளாதார அறிஞர், மந்தமான அரசு இயந்திரத்தை லஞ்சம் நகர வைக்கும் என்று எழுதினார். சில ஆண்டுகளிலேயே ஸ்வீடனின் குன்னார் மிர்தால் இதை மறுத்தார். காசு வரும் என்று தெரிந்தால் அதிகாரி கோப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்துவார், தாமதம் கூடத்தான் செய்யும் என்றார். 1995இல் பாவுலோ மவுரோ என்ற பொருளாதார அறிஞர் பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு, ஊழல் மிகுந்த நாடுகளில் முதலீடு குறைகிறது, அதன் வழியாக வளர்ச்சியும் குறைகிறது என்று காட்டினார்.

ஊழல் என்ற சொல்லின் முழு எடையும் தெரிய வேண்டுமானால் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கைப் பார்க்க வேண்டும். 2013, 2014 ஆண்டுகளில் அந்நாட்டின் மூன்று அரசு நிறுவனங்கள் கிரெடிட் சுவிஸ் வங்கியிடமும் ரஷ்யாவின் விடிபி வங்கியிடமும் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. சூரை மீன் பிடிக்கப் படகுகள், கடலோரக் காவல், கப்பல் பழுதுபார்ப்பு என்று காரணம் சொன்னார்கள். அரசின் உத்தரவாதத்தில் கையெழுத்திட்டவர் நிதியமைச்சர் மனுவேல் சாங். நாடாளுமன்றத்தின் ஒப்புதலே பெறவில்லை. கடனின் பெரும்பகுதி பன்னாட்டு நாணய நிதியத்துக்கும் மறைக்கப்பட்டது. லஞ்சத் தொகையை மின்னஞ்சலில் '5 கோடிக் கோழிகள்' என்று குறித்தார்கள் என்கிறது அமெரிக்கக் குற்றப்பத்திரிகை.

2016இல் குட்டு உடைந்தது. நாணய நிதியமும் உதவி நாடுகளும் பணத்தை நிறுத்தின. நாணயமான மெட்டிக்கலின் மதிப்பு சரிந்தது. ஆண்டுக்கு 7 சதவீதம் அளவில் வளர்ந்துவந்த பொருளாதாரம் அந்த ஆண்டு 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2017 ஜனவரியில் நாடு கடன் தவணையைக் கட்டத் தவறியது. வாங்கிய மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் மபுட்டோ துறைமுகத்தில் சும்மா கிடந்தன. இந்த மோசடியின் விலை குறைந்தது 1,100 கோடி டாலர் என்றும், ஏறத்தாழ 20 லட்சம் பேர் வறுமையில் விழுந்தார்கள் என்றும் 2021இல் மொசாம்பிக், நார்வே ஆய்வு நிறுவனங்கள் கணக்கிட்டன.

கைமாறிய லஞ்சத்தைப் போலப் பல மடங்கு இந்த இழப்பு. காரணம், அங்கே கெட்டது முடிவெடுக்கும் முறையே. கமிஷன் கிடைக்கும் என்பதற்காகவே, நாட்டுக்குத் தேவையில்லாத கடன் பிறந்தது. அதைச் சுமந்தவர்கள் மருந்துக்கும் பள்ளிக்கும் அரசை நம்பியிருந்த ஏழைகள். இதை லஞ்சம் என்ற ஒரே சொல்லில் அடைப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன். சாங்குக்கு 2025 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் எட்டரை ஆண்டுச் சிறை விதித்தது.

கையாடலுக்கு உகாண்டா ஒரு சான்று. 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளின் செலவுக்கு மத்திய அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்று செய்தித்தாள்களில் வெளியிட ஆரம்பித்தார்கள்; அதன்பின் பள்ளிகளைச் சேர்ந்த பங்கு பெருமளவு உயர்ந்தது.

எழுதுகிறவர்களுக்கு: ஒரு வேலையை முடித்துத் தரக் கேட்கும் பணம் கையூட்டு, லஞ்சம் என்றாலும் தவறில்லை, எல்லோருக்கும் புரியும். வாரந்தோறும் மாதந்தோறும் வாடிக்கையாக வசூலிப்பது மாமூல்; இதற்கு அதே அழுத்தமுள்ள தமிழ்ச் சொல் புழக்கத்தில் இல்லை, அப்படியே எழுதலாம். பொறுப்பில் இருந்த பணத்தை எடுத்துக்கொள்வது கையாடல். திட்டம், ஒப்பந்தம், கடன், நியமனம் என்று அரசின் முடிவே விலைபோயிருந்தால், அங்கே ஊழல் என்றுதான் எழுத வேண்டும். 'முறைகேடு' என்று மென்மையாக்க வேண்டியதில்லை.