மரத்தின் வரியும் மழைக்காலக் கதவும்

இழைப்புளியை வைப்பதற்கு முன்னால், கைதேர்ந்த ஆசாரி பலகையின் பக்கவாட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். நார் எந்தப் பக்கமாக மேலே ஏறுகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவாகும். நார் ஏறும் திசையிலேயே தள்ளினால் சீவல் அறுபடாமல் சுருண்டு வரும், பலகை வழவழவென்று ஆகிவிடும். எதிர்த்துத் தள்ளினாலோ, தகடு வெட்டுவதற்குள் நார் தானாகவே பிளந்து பலகைக்குள் இறங்கிவிடும். பிய்த்தெடுத்த மாதிரி சொரசொரப்புதான் மிஞ்சும். நல்ல இழைப்புளியில் வெட்டும் தகட்டின் மேல் இன்னொரு தகடு இருப்பது இதற்காகத்தான். சீவல் எழும்பிய உடனே அது மடித்து முறித்துவிடும், பிளவு முன்னால் ஓடாது.

படுத்தும் பாடும் அழகும் மரத்தில் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அடிமரத்தின் செல்களில் பெரும்பாலானவை செங்குத்தாக நிற்கும் மெல்லிய குழாய்கள். தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்கள் அகலமானவை; மரத்தைத் தாங்கும் நார்கள் ஒடுங்கியவை, சுவர் தடித்தவை.

தேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் இலையைக் கொட்டிவிட்டு, மழை கண்டதும் அவசரமாகத் துளிர்க்கும் மரம் அது. அந்த அவசரத்தில் உண்டாகும் நீர்க்குழாய்கள் மிகப் பெரியவை. அறுத்த முனையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால், ஊசி குத்தியது போன்ற துளைகள் வரிசையாக வெறும் கண்ணுக்கே தெரியும். பருவம் போகப்போகக் குழாய்கள் சிறுத்து, மரம் இறுகும். அடுத்த ஆண்டு மறுபடி பெரிய துளைகள். இந்த எல்லைதான் பலகையில் வரியாகத் தெரிவது. மாவிலும் வேம்பிலும் குழாய்கள் எங்கும் பரவிக் கிடப்பதால் வரி அவ்வளவு எடுப்பாக இருக்காது. நடுமரத்தை ஒட்டி அறுத்த பலகையில் வரிகள் நேர்கோடுகளாக ஓடும். ஓரத்தில் அறுத்ததில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரான வளைவுகள் எழும். மரம் ஒன்றுதான், ரம்பம் போன இடம் வேறு. (இத்தனையும் இருக்கிற தேக்கை விலை கொடுத்து வாங்கி, மேலே பிரவுன் பெயிண்ட் அடிப்பவர்களை என்ன சொல்வது?)

வேங்கையின் கதை வேறு. அதன் நார் கொஞ்ச காலம் ஒரு பக்கம் சாய்ந்து வளரும், அப்புறம் எதிர்ப்பக்கம் சாயும். இழைத்த பலகையில் இந்த அடுக்குகள் ஒளியை வெவ்வேறு கோணத்தில் திருப்புவதால் பட்டை பட்டையாக மினுங்கும். பலகையைத் திருப்பிப் பிடித்தால் வெளிறிய பட்டை கறுக்கும், கறுத்தது வெளிறும். ஆனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஒரு பட்டைக்கு அது எதிர்த்திசை. ஆசாரி அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

நிறம் வருவது வைரம் பாய்ந்த நடுப்பகுதியில். அங்கே செல்கள் இறந்துவிட்டன, தண்ணீர் ஏற்றும் வேலை முடிந்துவிட்டது. சாகுமுன் அவை சேர்த்துவைத்த எண்ணெய், பிசின், சாயப்பொருள்கள்தான் மணமும் நிறமும். தஞ்சாவூர் வீணைக்கு எடுக்கும் பலாவின் மஞ்சள், மோரின் என்ற சாயப்பொருளால் வருவது. பௌத்தத் துறவிகளின் துவராடைக்குச் சாயம் ஏற்றப் பலாக்கட்டையைக் காய்ச்சும் வழக்கமும் இதனால்தான். வெளிச்சம் பட்டால் பலா மெல்லப் பழுப்பாகும். சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியிலோ மாவுச்சத்து இருக்கிறது, அதைத் தேடி வண்டு வருகிறது. முதலில் உளுத்துப்போவது அதுவே.

இனி ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் கதவுக்கு வருவோம். குழாயின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் கிட்டத்தட்ட நெடுக்குவாக்கில் சுற்றியிருக்கின்றன. காற்றில் ஈரம் கூடும்போது தண்ணீர் அந்த இழைகளுக்கு நடுவில் புகுந்து அவற்றை விலக்குகிறது. நனைந்த ஈர்க்குக் கட்டைப் போல, பலகை தடிக்குமே தவிர நீளாது. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும்; நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி; நீளத்தில் 0.1, 0.2 சதவீதம்தான். இரண்டு திசைகளிலும் சுருக்கம் ஒரே அளவாக இல்லாததால்தான் பலகை காயும்போது கோணுகிறது. நடுமரத்தை ஒட்டிய நேர்வரிப் பலகை குறைவாக ஆடுவதும் இதே கணக்கில்தான்.

வீட்டுக்குள் வந்த பிறகும் ஆட்டம் நிற்காது. ஓரத்தில் அறுத்த 20 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் கோடையில் 12 சதவீதம், அடைமழையில் 18 என்று வைத்துக்கொண்டால், அகலம் 2 மில்லிமீட்டர் கூடும். அப்படி நான்கு பலகைகளை ஒட்டி ஒரு கதவு செய்தால் 8 மில்லிமீட்டர். நிலைக்குள் நுழையுமா?

அதனால்தான் பேனல் கதவு. நாலு பக்கமும் குறுகிய சட்டங்கள், அவற்றின் உள்விளிம்பில் காடி என்கிற நீளப் பள்ளம், காடிக்குள் நடுப்பலகை. சட்டங்களைத்தான் இறுக்கிப் பூட்டுவார்கள். நடுப்பலகைக்குப் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. உப்பவும் சுருங்கவும் காடிக்குள் இடம் விட்டிருப்பார்கள். ‘ஆடுதே’ என்று யாராவது நல்லெண்ணத்தில் ஆணி அறைந்தால், அடுத்த கோடையில் பலகை நடுவில் வெடிக்கும். சித்திரை வெயிலில் சட்டத்தை ஒட்டி வார்னிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், சுருங்கிய பலகையின் விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். பலகையைக் காடியில் ஏற்றுவதற்கு முன்பே அதற்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லிவிட்டால் அந்தக் கோடும் தெரியாது.