வீகன்: பச்சைப் புள்ளி சொல்லாததைச் சொல்லும் சொல்

விடுதியிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகள், சேலம் அம்மாப்பேட்டை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சித்தி, நான் இப்ப வீகன்" என்றாள். அக்காவுக்குப் பிடிபடவில்லை. "சைவம்தானே, அதுக்கென்ன, தயிர் சாதம் இருக்கு, கை கழுவிட்டு வா" என்று தட்டை எடுத்துவிட்டாள். அந்தத் தயிர்தான் பிரச்சினையே.

வீகன் என்றால் கறி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், தேன் ஆகியவற்றையும் விட்டவர். விலங்கிடமிருந்து வந்த எதுவும் வேண்டாம் என்பது கொள்கை. அது சாப்பாட்டோடு நிற்பதில்லை, தோல் செருப்பும் பட்டும் அதில் அடங்கும். கூட்டுப்புழுவை உள்ளே வைத்தே கூட்டை வேகவைத்துத்தான் பட்டு நூலை எடுக்கிறார்கள் என்பதால், வெண்பட்டுக்குப் பேர்போன நம் சேலத்தில் இந்தச் சொல்லின் முழுப் பொருளை ஏற்பது லேசான காரியமில்லை. அவள் முகூர்த்தப் புடவை வரைக்கும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சொல் பிறந்தது இங்கிலாந்தில், 1944 நவம்பரில். டொனால்ட் வாட்சன் என்பவரும் அவரைப் போலப் பாலையும் விட்ட சிலரும், தங்களைக் குறிக்க 'வெஜிடேரியன்' போதவில்லை என்று உணர்ந்தார்கள், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் பாலும் முட்டையும் வசதியாக உட்கார்ந்திருந்தன. அதனால் அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் எடுத்து ஒட்டிப் புதுச் சொல் செய்தார்கள். வீகன் சொசைட்டி அப்படித்தான் தொடங்கியது. அதன் 50ஆம் ஆண்டான 1994 முதல் நவம்பர் 1 உலக வீகன் நாள். இன்னொன்று, பலர் இதை 'வேகன்' என்று எழுதுகிறார்கள். வேகன் கூட்ஸ் ரயிலில் வருவது, இது வீகன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

சைவம் என்பது முதலில் உணவின் பெயரே இல்லை, சிவனை வழிபடும் நெறியின் பெயர். அந்த நெறியில் நின்றவர்களில் பலர் புலால் தொடாததால் போகப்போக அது சாப்பாட்டுக்கும் பெயராகி, இன்று 'நீங்க சைவமா?' என்றால் யாரும் திருநீற்றைப் பற்றிக் கேட்பதாக நினைப்பதில்லை. திருக்குறளில் இதற்குரிய பெயர் 'புலான்மறுத்தல்', 26ஆம் அதிகாரம். இலங்கைத் தமிழர்கள் 'மரக்கறிச் சாப்பாடு' என்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால் இந்த மூன்றில் எதுவும் பாலை விலக்கவில்லை. 'சுத்த சைவம்' என்று சொல்லிப் பார்க்கலாமென்றால், அந்தப் போர்டு மாட்டிய ஓட்டலில்தான் நெய் ரோஸ்ட் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம்.

இணையத்தில் எழுதுபவர்கள் கையாளும் சொல் 'நனிசைவம்'. அப்படி வாழ்பவர் நனிசைவர். நனி பழைய உரிச்சொல். உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் உரியியலிலேயே இருக்கிறது. ஆக நனிசைவம் என்றால் சைவத்தின் மிகுதி, சைவத்தை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோவது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஓர் இடறல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தேவாரம் ஆனைந்து, அதாவது பசு தரும் ஐந்து பொருள்களில் ஆடும் சிவனைப் பாடுகிறது, பாலும் தயிரும் நெய்யும் இல்லாத அபிஷேகம் ஏது? அப்படியிருக்க, மிகுந்த சைவம் என்ற பேரில் பாலை விலக்குவது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் சாப்பாட்டுப் பேச்சில் சைவம் கோயிலை விட்டு வெளியே வந்து வெகுகாலமாகிறது, அந்தச் சைவத்தின் மேல்தான் நனி ஏறி உட்காருகிறது. அதனால் கொள்கையைக் குறிக்க எழுத்தில் நனிசைவம் என்றே எழுதுகிறேன். பாக்கெட்டுக்கும் பண்டத்துக்கும் 'தாவர உணவு' போதும். கடையில் கேட்கும்போது இரண்டும் வேண்டாம், 'பால், தயிர், நெய், தேன் எதுவும் இருக்கக்கூடாது' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

மறுநாள் நானும் அக்கா மகளும் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம். நான் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி பார்த்துக் கூடையில் போட, அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வெளியே எடுத்து வைத்தாள். பச்சைப் புள்ளிக்குப் பால் உடன்பாடு, தேன் பாட்டிலிலும் அதே புள்ளிதான். பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைக்கான வரி ஒன்று இருக்கும், அதில் 'மில்க்' என்று வந்தால் ஆகாது. பாயச மிக்ஸில் பால் பவுடர் இருந்தது, மசாலா சிப்ஸ் ஒன்றில்கூட 'மில்க் சாலிட்ஸ்' இருந்தது, எனக்கு அது புதுச் செய்தி. வே, கேசின் என்று எழுதியிருந்தாலும் பால்தான். நனிசைவ உணவுக்கென்றே 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது, அதற்குப் பச்சையில் வி எழுத்தோடு தனி முத்திரை. அன்று கூடையில் நின்ற பாக்கெட் எதிலும் அந்த முத்திரை இல்லை, பின்பக்கத்தைப் படித்துத்தான் தேர்ந்தெடுத்தோம்.

கூடையில் என்ன நின்றது தெரியுமா? கெட்டி அவல், பாட்டில் புளிக்காய்ச்சல், உலர்ந்த இடியாப்பம், தேங்காய்ப்பால் பாக்கெட், பருப்புப்பொடி, அப்புறம் நம்மூர் ஜவ்வரிசி. (பெயரில்தான் அரிசி, உள்ளே இருப்பது மரவள்ளிக்கிழங்கு மாவு. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.) ராத்திரிச் சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. அவலை அலசி வடிகட்டிப் பத்து நிமிடம் விட்டால் தானாகப் பூக்கும், அதில் இரண்டு கரண்டி புளிக்காய்ச்சலும் கடலெண்ணெயில் தாளித்த நிலக்கடலையும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கிளறினால் போதும், அவலை அடுப்பில் வைக்கவே தேவையில்லை. இடியாப்பத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்து, தேங்காய்ப்பாலை லேசாகச் சூடாக்கி நாட்டுச்சர்க்கரை போட்டு ஊற்றினோம். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், ஓரத்தில் குமிழி கட்டும்போதே இறக்கிவிட வேண்டும்.

'தேங்காய்ப்பால்' என்ற சொல்லையே பாருங்கள். ஐரோப்பாவில் தாவரப் பொருள்களைப் பால், வெண்ணெய், சீஸ் என்ற பெயர்களில் விற்கலாமா என்று வழக்கு நடந்து, கூடாது என்று 2017இல் தீர்ப்பு வந்தது. நமக்கோ நெல்லே பால் பிடிக்கும், கள்ளியிலும் எருக்கிலும் பால் வடியும். தமிழில் பால் மாட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததே இல்லை. ஏற்காட்டுக் காப்பித்தூளைப் பாலில்லாமல் போட்டால் அதற்கும் வரக்காப்பி என்று பெயர் வைத்தே குடித்துவருகிறோம்.

அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடப் போனோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி, இதில் பால் எங்கே வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் தள்ளுவண்டி அண்ணனிடம் கேட்டாள்: "அண்ணா, தட்டுவடை மாவுல வெண்ணெய் போட்டுப் பிசைவீங்களா?"

"எண்ணெய்தான் கண்ணு, வெண்ணெய் போட்டா எனக்குக் கட்டுபடியாகாது" என்றார். அவளுக்கு இரண்டு செட், எனக்கு ஒரு நொறுக்கல்.