ஒழுகும் குழாயும் பண்டிகைப் பரிசும்

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டுக்காரர்களிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பிக்கும்: "குடியிருக்கிறவங்களுக்கு ஏதாவது குடுக்கணுமா?" பண்டிகை முடிந்து இரண்டு மாதத்தில் அதே பரிசு தகராறுக் கோப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். "பரிசெல்லாம் வாங்கிக் குடுத்தேன், அந்த நன்றிகூட இல்லாம என் மேலயே புகார் குடுத்திருக்காங்க." வாடகைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். இந்தப் பருவத்திலும் அது அளவுக்கு மீறியே காதில் விழுந்துவிட்டது.

கேள்விக்குப் பதில் சின்னது. கொடுத்தே ஆகவேண்டும் என்று எதுவும் இல்லை. கொடுத்தால் தப்பும் இல்லை. ஆனால் எப்போது, எதை, எப்படிக் கொடுக்கிறோம் என்று யோசிக்காமல் கொடுத்தால், கொடுக்காமல் இருந்ததைவிடப் பெரிய வில்லங்கத்தில் முடியும்.

முதலில் அந்த நன்றிக் கணக்கைத் தீர்த்துவிடலாம். வாடகை என்பது குடியிருக்கத் தகுந்த வீட்டுக்கான விலை. தண்ணீர் வரவேண்டும், கழிவு போகவேண்டும், கதவு பூட்டவேண்டும், மின்சாரம் ஆளை அடிக்கக் கூடாது. இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் காசு வாங்குகிறீர்கள். பரிசு என்பது எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பது. பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துவிட்டால் அது பரிசே இல்லை, பேரம். "பரிசு கொடுத்தேன், அதனால் கழிவறை அடைப்பைப் பற்றி அவர் கேட்கக் கூடாது" என்பது நீங்கள் மட்டும் மனசுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். எதிராளிக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதே தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டது அக்ரிமென்டில். அதில் பரிசுப் பெட்டிக்கென்று ஒரு வரிகூட இல்லை.

இன்னும் புரியவில்லை என்றால், தகராறு பேச உட்காரும்போது மேசையில் என்ன கேட்கப்படும் என்று பாருங்கள். பழுது சொல்லப்பட்ட தேதி. நீங்கள் பதில் சொன்ன தேதி. ஆள் வந்த தேதி. வேலை முடிந்த பில். இந்த நான்குதான். பரிசு வாங்கிய ரசீதை அந்தக் கட்டோடு சேர்த்து நீட்டுகிறவர்கள் உண்டு. அதனால் நன்மை இல்லை என்பதோடு போகாது, கெடுதலும் உண்டு. சுவரில் ஈரம் இறங்குகிறது என்று அவர் செய்தி அனுப்பியிருக்கிறார்; ஒன்பது நாள் கழித்து நீங்களே பெட்டியோடு வாசலில் நின்று படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். "எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று சொல்லக்கூடிய ஒரே வழியையும் அந்தப் படம் அடைத்துவிடுகிறது.

ஆகவே பெட்டி வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் போனை எடுத்துக் குடியிருப்பவரின் பழைய செய்திகளைக் கீழிருந்து மேலாக ஒருமுறை படியுங்கள். பதில் சொல்லாமல் விட்ட பழுது ஒன்று கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் குழாய். விநாடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று போட்டால்கூட நாளைக்கு 21.6 லிட்டர், வருஷத்துக்கு 7,800 லிட்டருக்கு மேல். இறுக்கி மூடினால் நின்று, சற்று நேரத்தில் மறுபடி சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. கால் சுற்றில் திறக்கும் வகை என்றால் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் செராமிக் கார்ட்ரிட்ஜ் போயிருக்கும். குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, கைப்பிடியைக் கழற்றிப் புதியதை மாட்ட அரை மணி நேரம் போதும். பழைய கார்ட்ரிட்ஜைக் கையோடு எடுத்துப்போங்கள். கைப்பிடி மாட்டும் அதன் தண்டில் பல் எண்ணிக்கை 20 இருக்கும், 24 இருக்கும். மாறிப்போனால் கைப்பிடி உட்காராது. திறக்கும் திசையும் இடம் வலம் என்று இரண்டு உண்டு. வாஷர் மாற்றியும் சொட்டினால் அது உட்காரும் இடம் அரித்துப்போயிருக்கிறது, தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இதையெல்லாம் பண்டிகைக்கு நாலு நாள் முன்பே முடியுங்கள். பண்டிகை நெருங்கிவிட்டால் பிளம்பர் கிடைக்கமாட்டார்.

இப்படிச் செய்த பழுதுவேலையைப் "பண்டிகைப் பரிசு" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். புதுப் பூட்டு, புது மின்விசிறி, 10 ஆண்டு ஆயுள் முடிந்த புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பதில் இன்னொன்று: இவை எல்லாம் உங்கள் வீட்டோடு போகிற சாமான்கள். சுவரில் திருகி மாட்டியது எதுவும் பரிசு ஆகாது.

இதையே திருப்பிப் போட்டாலும் வம்புதான். மின் அடுப்பையோ தண்ணீர் வடிகட்டியையோ "பரிசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது "அது எங்கே?" என்று அட்வான்ஸில் பிடிக்கிறார்கள். பரிசு என்றால் அது அவருடையது. காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் விட்டுப்போக வேண்டும் என்று நினைத்தால் அன்றைக்கே சாமான் பட்டியலில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதாத பொருளுக்கு அட்வான்ஸில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்வது. குடியிருப்பவருக்கு உண்மையில் உபயோகமானது இதுதான். அதிகமாகக் கெட்டுப்போவதும் இதுதான், ஏனென்றால் எல்லாரும் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாத வாடகை 10,000 என்று வைத்துக்கொள்வோம். பண்டிகை மாதத்தில் "ஆயிரம் குறைச்சுக் குடுங்க" என்கிறீர்கள். அது ஒப்பந்தத்தின் பன்னிரண்டாவது மாதமாகவும் அமைந்துவிடுகிறது. அக்ரிமென்டில் "கடைசியாகச் செலுத்திய வாடகையின் மேல் 5 சதவீதம் உயர்வு" என்று இருக்கிறது. கடைசியாகச் செலுத்தியது 9,000. ஐந்து சதவீதம் கூட்டினால் 9,450. நீங்கள் எதிர்பார்த்ததோ 10,500. மாதம் 1,050 வித்தியாசம், வருஷத்துக்கு 12,600. ஆயிரம் ரூபாய் அன்புக்கு இப்படி ஒரு சண்டை.

இதைத் தவிர்க்க நாலு வரி போதும். எந்த மாத வாடகையில், எவ்வளவு, இந்த ஒரு முறை மட்டும். மாத வாடகை மாறவில்லை. செய்தியாக அனுப்பினால்கூடப் போதும். ரசீதிலும் குறைத்த தொகையை மட்டும் எழுதாமல், வாடகை 10,000, பண்டிகைக் கழிவு 1,000, பெற்றது 9,000 என்று மூன்றையும் காட்டுங்கள். வங்கியில் தானாகப் போகும்படி வாடகையைப் போட்டுவைத்திருப்பவர்களுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழுத் தொகையும் வந்து சேர்ந்து, திருப்பி அனுப்புவதில் இன்னொரு குழப்பம். வாடகை பாக்கி வைத்திருப்பவர் என்றால் பரிசைப் பாக்கியில் சத்தமில்லாமல் கழிக்காதீர்கள். பாக்கி வேறு கணக்கு, அதைத் தனியாகப் பேசுங்கள்.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். வாழ்த்து அட்டையில் "இன்னும் பல ஆண்டுகள் நம் வீட்டில் நலமாக இருங்கள்" என்று அச்சடித்த வரி, நோட்டீஸுக்கு எதிராக நீட்டப்படும் காகிதமாகிவிடும். வாயால் சொல்லும் வாழ்த்து போதும்.

வாடகை உயர்வுக் கடிதத்தைப் பரிசோடு சேர்த்துக் கொடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே பையில் பெட்டியும் கடிதமும். அந்தப் பெட்டியை யார் ஆசையாகப் பிரிப்பார்கள்? இரண்டுக்கும் நடுவே ஒரு மாதமாவது விடுங்கள். உயர்வுக் கடிதத்துக்கு அக்ரிமென்ட் சொல்லும் கால அவகாசம் இருக்கிறது. அதன்படி தனியாக அனுப்புங்கள்.

ஒரே கட்டடத்தில் நாலு வீடு இருந்தால் நாலுக்கும் ஒரே பொருள். அதிக வாடகை தருபவருக்குப் பெரியது, புகார் செய்தவருக்கு ஒன்றுமில்லை என்று பிரித்தால் மாடிப்படியில் அது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். உங்கள் மதத்துக்காரருக்கு மட்டும் கொடுப்பது அதைவிட மோசம். அமெரிக்காவில் 1968-லேயே வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம், வாடகையின் நிபந்தனைகளிலும் சலுகைகளிலும் மத, இன பேதம் பார்ப்பதைத் தடுக்கிறது. வாடகைக் கழிவை ஒரு மதத்தாருக்கு மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயரே சலுகை. சட்டம் இல்லாத ஊரிலும் இது அசிங்கம்தான். யார் எந்தப் பண்டிகை கொண்டாடுகிறார்கள் என்று துருவிக் கேட்கவேண்டியதும் இல்லை. ஆண்டு முடிவிலோ, அவர்கள் குடிவந்த நாளிலோ கொடுத்தால் கேள்வியே எழாது.

பொருள் சின்னதாக இருக்கட்டும். மாத வாடகையில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டினால் வாங்குகிறவருக்குக் கூச்சம், பதிலுக்கு என்ன செய்வது என்ற கவலை. தின்பண்டம் என்றால் முந்திரி, பாதாம் மாதிரிக் கொட்டைகள் கலந்தது வேண்டாம், ஒவ்வாமை விளையாட்டில்லை. உள்ளடக்கமும் காலாவதித் தேதியும் உறையில் இருக்கவேண்டும். மது வேண்டாம். மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு, மின் சூடேற்றி வேண்டாம். உங்கள் வீட்டுக்கு நீங்களே தீயை வாங்கிக் கொடுப்பதற்குச் சமம். செல்லப்பிராணி கூடாது என்று அக்ரிமென்டில் போட்டுவிட்டு மீன்தொட்டி கொடுத்தவர்களும் உண்டு. கடை கூப்பன் என்றால் எத்தனை மாதம் செல்லும் என்று பார்த்து, செயல்படுத்திய பிறகு கொடுங்கள். வீட்டில் மிஞ்சிய பழைய சாமான் பரிசில் சேராது.

பரிசை வரிக்கான செலவுக் கணக்கில் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். அமெரிக்காவில் வணிகப் பரிசுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 25 டாலர் வரைதான் செலவாகக் கழிக்கலாம். இந்தியாவில் வீட்டுச் சொத்து வருமானத்துக்கு 30 சதவீத நிலையான கழிவு உண்டு; பரிசு வாங்கினேன், வர்ணம் அடித்தேன் என்று அதற்குமேல் தனியாகக் கழிக்க வழியில்லை.

கொடுக்கும் விதத்தில்தான் நல்ல மனசுக்காரர்களும் கோட்டை விடுகிறார்கள். அவர் இல்லாத நேரத்தில் மாற்றுச் சாவியால் திறந்து சமையல் மேடையில் பெட்டியை வைத்துவிட்டு, "ஒரு ஆச்சரியம்" என்று செய்தி. ஆச்சரியம் இல்லை ஐயா, அது அத்துமீறல். அவசரம் தவிர வேறு எதற்கும் உள்ளே போக முன்னறிவிப்பு வேண்டும். பல நாடுகளின் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் அது 24 மணி நேரம். வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் சரியில்லை. இரண்டு நாள் எடுக்கப்படாமல் கிடக்கும் பெட்டி, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்கிறது. முன்கூட்டிக் கேட்டு, பகலில், வாசலோடு நின்று கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். "வந்தது வந்தேன், வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துக்கிறேன்" வேண்டவே வேண்டாம். பெண்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் உடை, வாசனைத் திரவியம், நகை பக்கமே போகாதீர்கள். எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற அதே பெட்டிதான்.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று. பரிசு வந்ததால் பழுதைச் சொல்லத் தயங்காதீர்கள். நன்றியை ஒரு செய்தியாகவும் பழுதை வேறொரு செய்தியாகவும், படத்தோடு அனுப்புங்கள். நன்றி சொல்லும் உற்சாகத்தில் "வீட்ல எல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதிவிடாதீர்கள். குளியலறைச் சுவர் உப்பிக்கொண்டிருக்கும்போது எழுதிய அந்த ஒரு வரியை ஆறு மாதம் கழித்து உங்களுக்கே படித்துக் காட்டுவார்கள். பரிசு வரவில்லை என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். அட்வான்ஸைக் கேட்ட தேதியில் கணக்கோடு திருப்பித் தரும் வீட்டுக்காரர் பண்டிகைக்கு ஒன்றுமே தராவிட்டாலும் நல்ல வீட்டுக்காரர்தான்.

அட்டையில் என்ன எழுதுவது என்று திணறுகிறவர்களுக்கு, அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு மாதிரி:

"வணக்கம். உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் வாழ்த்துகள். வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. சமையலறைக் குழாய்க்குச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆள் வருவார். அந்த நேரம் வசதிப்படாவிட்டால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்."